ரெட்டாவின் மகள் யார் வீட்டில் இருக்கிறாள்?

ரெட்டா ஸ்டிட்ஹம் முதியோர் இல்லத்தில் துணி துவைக்கிறாள். பதினோரு வருடமாக அதே வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நின்றாக வேண்டும். கிழடுகள் நனைத்த படுக்கை விரிப்புகளை வெந்நீரில் அலசி, உலர்த்தி, நான்காக மடித்து அடுக்குவாள். கைத்தோல் எப்போதும் உரிந்தே இருக்கும். புருஷன் குழாய் பதிக்கிற வேலைக்கு டென்னஸி போனான், போனவன் போனவன்தான். எட்டு வயதில் மார்லி என்று ஒரு பெண். கேனி ஓடையோரமாக மேலே ஏறி, இரண்டாவது பாலம் தாண்டினால், வண்டியில் இழுத்துவந்து நிறுத்திய ஒரு டிரெய்லர் வீடு. ஓடைப் பாதை பெரிய ரோட்டைத் தொடும் முனையில் என் வீடு. இப்படிப்பட்டவளைத்தான் எங்கள் ஊரில் சிலர் சோம்பேறி என்கிறார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாம் அந்த வரிப் பணத்தால் வந்த பேச்சு. குறைந்த சம்பளத்தில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அரசாங்கம் வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி கடைசியில், வரிச் சலுகை என்று ஒரு தொகை தரும். வேலை செய்தால்தான் வரும். சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு வராது. இதை எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்! காதில் வாங்கினால்தானே. ரெட்டாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் டாலர் வரும். காருக்கு டயர், மார்லிக்கு பூட்ஸ், குளிருக்கு எரிவாயு என்று வருடம் முழுக்கத் தள்ளிப்போட்டதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் நடக்கும்.

போன வருடம் ஜனவரியில் அவள் காரின் கியர் பெட்டி உடைந்துபோனது.

"பிப்ரவரி வந்தா சரி பண்ணிடலாம், டோவி அத்தை," என்றாள்.

அதுவரை என் பிக்கப் வண்டியில் நானே கொண்டுபோய் விட்டேன். எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ரோட்டுப் பலகைகளின் நிறமும் வடிவமும் தெரியும். வண்டி ஓட்ட அது போதும்.

பிப்ரவரி வந்தது, பணம் வரவில்லை. ஒரு கடிதம்தான் வந்தது. வருடத்தில் பாதிக்கு மேல் பிள்ளை உன் வீட்டில்தான் இருந்தது என்பதற்கு அத்தாட்சி அனுப்பு, இல்லாவிட்டால் சலுகை இல்லை என்று வரி அலுவலகம் கேட்டிருந்தது. பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா இது?

நூலகத்தில் காசு வாங்காமல் வரிப் படிவம் நிரப்பித் தருகிறவர் மிஸ்டர் பிரேட்டர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மார்லியின் பள்ளிக்கூடக் காகிதம், ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் அவர் முன்னால் வைத்தோம். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"காகிதப்படி பாத்தா மார்லி உங்க வீட்டுல வளர்றா, டோவி. எல்லாத்துலயும் உங்க முகவரிதான்."

"படிவத்துல?" என்றாள் ரெட்டா.

"படிவத்துல உன் டிரெய்லர் முகவரி. அதான் இடிக்குது. பின்னக் கணக்குலயும் நீ இப்படித்தான் மேலயும் கீழயும் சேராம கோட்டை விடுவே."

ரெட்டா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஏனென்றால் தப்பு என்னுடையது. மூன்று குளிர்காலத்துக்கு முன்பு, ரோட்டு முனையில் இருந்த அவளுடைய தபால் பெட்டியைப் பனி தள்ளும் வண்டி இடித்து நொறுக்கியது. தபால் கார் பாலம் தாண்டி மேலே வராது. நான்தான் சொன்னேன்: "புதுசு எதுக்குடி? என் பெட்டி என்ன நெறைஞ்சா வழியுது?" எங்கள் ஓடைக்கரையில் பாதிப் பேர் இப்படித்தான் ஒருவர் பெட்டியில் ஒருவர் கடிதம் வாங்குகிறோம். அன்றிலிருந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் என் முகவரி.

பள்ளிக்கூடத்துக்குப் போனோம். போன வருடத்துப் பதிவை மாற்ற முடியாது என்றார்கள். ஆஸ்பத்திரியிலும் அதே பாட்டு. பாஸ்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வார்கள், சபையின் பெயர் அச்சடித்த தாளாக இருக்க வேண்டும் என்றார் பிரேட்டர்.

வேறு யாராவது சொல்லக்கூடாதா! பாஸ்டர் ஆர்விலோடு நான் பேசி இரண்டு வருடம். கவர்மென்ட் பணத்துக்குக் காத்திருக்கிற சோம்பேறி ஜனம் என்று அவர் பிரசங்கத்தில் சொன்னபோது நான் எழுந்து நின்று, "ரெட்டா நேத்து பத்து மணி நேரம் துணி துவைச்சா, பாஸ்டர். நீங்க நேத்து மீன் பிடிச்சீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள். அதற்கப்புறம் சபைப் படியை மிதிக்கவில்லை.

இப்போது மிதித்தேன். அவர் படிக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"வழி தவறி வந்துட்டியா, டோவி?"

"எனக்கு வழி தவறல. ஞாயித்துக்கிழமை சபை வேன்ல மார்லிய எங்க போயி ஏத்துறீங்க?"

"டிரெய்லர் வாசல்ல. எத்தனை வருஷமா ஏத்துறேன்! ஏன்?"

"அத எழுதிக் குடுங்க."

வரி அலுவலகக் கடிதத்தை வாங்கிப் படித்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. "ரெட்டா வேலை செய்யுற இடத்து சம்பளச் சீட்டும் கேட்டிருக்காங்களே?"

"வேலை செய்யுறவளுக்குத்தான் இந்தப் பணம். நான் அன்னிக்கே சொன்னேன்."

"நின்னுக்கிட்டு சொன்ன. உக்காந்து சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்," என்று முணுமுணுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த மனுஷன் வாயில் வராது. என் வாயிலும் வரவில்லை.

சபைக்கு அச்சடித்த தாள் ஏது? ஞாயிறு ஆராதனை அட்டவணையில்தான் பெயரும் போன் நம்பரும் இருந்தன. அதன் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முன்பக்கத்தில் அந்த வாரத்துப் பாட்டு வரிசை. அப்படியே அனுப்பினோம்.

அப்புறம் காத்திருப்பு. அறுபது நாள் வேண்டும் என்று ஒரு கடிதம். இன்னும் அறுபது நாள் என்று இன்னொன்று. நான் வரி அலுவலகத்துக்கு போன் போட்டால், ஆள் வருகிறவரை காத்திரு என்று பாட்டுதான் வந்தது. பீன்ஸை அடுப்பில் வைத்துவிட்டு போனைக் காதில் வைத்தேன். பீன்ஸ் வெந்தது, சோளரொட்டி சிவந்தது, பாட்டு மட்டும் முடியவில்லை. பனி போகிறவரை மார்லி காலுறைக்கு மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு ஓட்டை விழுந்த பழைய பூட்ஸில் பள்ளிக்கூடம் போனாள். ரெட்டாவை நான் அக்டோபர் வரை வண்டியில் சுமந்தேன்.

அக்டோபரில் வந்தது, முழுசாக. அட்டவணைத் தாள் எடுபட்டுவிட்டது. கியர் பெட்டி மாற்றினாள், பூட்ஸ் வாங்கினாள். மூன்றாவதாக வாங்கியது ஒரு தபால் பெட்டி. என் பெட்டிக்குப் பக்கத்திலேயே கம்பம் நட்டாள்.

"கோவமா, அத்தை?"

"எனக்கென்ன கோவம்? ரோட்ட ஒட்டி நடாத. பனி வண்டி வந்தா போயிடும்."

"இங்கதான் சரியா இருக்கும்."

சொன்னால் கேட்கிற ஜென்மமா? அவள் வேலைக்குப் போனபின் நானே மண்வெட்டி எடுத்து, கம்பத்தைப் பிடுங்கி, இரண்டடி உள்ளே தள்ளி நட்டேன்.