அமுதா எனக்காகக் கேட்டது

வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வர்ற உங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். பரிமளா. பட்டுக்கடையில புடவை விரிச்சுக் காட்டறவ. ஒரு வருஷத்துக்கு மேல நான் இந்தப் பக்கமே வரல. ஏன்னு இன்னிக்குத்தான் வாயத் தொறந்து சொல்றேன்.

கல்யாண சீசன். பொண்ணோட அம்மாவுக்கு ஒரு அரக்குக் கலர் புடவைய என் தோள்ல போட்டுக் காட்டிக்கினு இருந்தேன். அந்தம்மா புடவையப் பாக்கல. "கழுத்துல என்னமா கட்டி?"ன்னு கேட்டாங்க. அப்படித்தான் ஆரம்பிச்சுது.

நிணநீர்ப் புற்றுநோய்னு சொன்னாங்க. கீமோ ஏத்தினாங்க. முடி போச்சு, நகம் கறுத்துது, கட்டியும் கரைஞ்சுது. ஆனா திரும்பி வந்துடுச்சு. வேற மருந்துக்கு மாத்தினாங்க. அதுக்கும் அடங்கல. எங்க வீட்டுக்காரர் ஏழுமலை தறியில ஒக்காந்தபடியே அழுவாரு, சத்தம் வராம. நான் பாக்காத மாதிரி படுத்துக்கினு இருப்பேன்.

சென்னை ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ஒரு வழி சொன்னாங்க. என் ரத்தத்துல இருந்து வெள்ளை அணுக்களை எடுப்பாங்களாம். லேப்ல அதுங்களுக்குள்ள ஒரு புது மரபணுவ வெப்பாங்களாம். அப்புறம் அந்த அணுக்களுக்குப் புற்றுநோய் செல் எதுன்னு அடையாளம் தெரியுமாம். ஒடம்புக்குள்ள திருப்பி ஏத்தினா, தேடிப் போய் அழிக்குமாம்.

"மரபணுவ எப்படிம்மா உள்ள வெப்பீங்க?"ன்னு எங்க வீட்டுக்காரர் கேட்டாரு.

"ஒரு வைரஸ் கொண்டுபோய் சேக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. "இருக்கற நோவு போதாதாம்மா?"ன்னேன்.

"நோய் குடுக்கற பாகத்த எடுத்துட்டுத்தான் அந்த வைரஸ லேப்ல உங்க அணுக்களோட சேப்போம்மா. செல்லுக்குள்ள நுழைய மட்டும்தான் அதுக்குத் தெரியும். பெருகாது"ன்னாங்க. எல்லாருக்கும் பலிக்காதுன்னும் மறைக்காம சொன்னாங்க. யோசிக்கறதுக்கு எங்களுக்கு வேற வழியும் இல்ல. அவங்க ஆராய்ச்சியில என்னைச் சேத்துக்கினாங்க.

அமுதாவ அங்கதான் பாத்தேன். அணு எடுக்கற அன்னிக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ரத்தம் ஒரு குழாய் வழியா மெஷினுக்குப் போய் இன்னொரு குழாய் வழியா திரும்பி வந்துக்கினு இருந்துது.

"எந்த ஊருக்கா?"

"காஞ்சிபுரம்."

"ஐயோ, நான் தாமல்க்கா! ஏரிக்கரைய ஒட்டித்தான் எங்க கழனி."

அவளுக்கும் அதே நோய், அதே வைத்தியம். என்னைவிட ரொம்பச் சின்னவ. நோயப் பத்திப் பேசாம, அவ வீட்டுக்காரர் குமார் சமைக்கற லட்சணத்தச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வெச்சா. கைய அசைக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருந்ததால கும்பிட முடியல. கண்ண மூடிக்கினு ரெண்டு பேரும் காமாட்சிய வேண்டிக்கினோம். பொழைச்சா ஒண்ணா வந்து அவ முன்னால நிக்கறதுன்னு பேசிக்கினோம்.

என்னோட அணுக்கள் முதல்ல வந்துது. உறைய வெச்ச ஒரு சின்னப் பை. ஏத்தும்போது மக்காச்சோளம் வேகற மாதிரி வாசனை. கொஞ்ச நேரத்துல முடிஞ்சுது. "இவ்ளோதானா?"ன்னு எங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு.

சில நாள்ல காய்ச்சல் கொளுத்துச்சு. மூளை தெளிவா இருக்குதான்னு பாக்க, நர்ஸ் தினமும் ஒரு வரி எழுதச் சொல்லுவாங்க. "அம்மா காமாட்சி காப்பாத்து"ன்னுதான் எழுதுவேன். ஒரு நாள் வெறும் கோடு கோடா கிறுக்கினேனாம். எங்க வீட்டுக்காரரைப் பாத்து "நீங்க யாரு?"ன்னு கேட்டேனாம். ஒடனே ஐசியூவுக்குக் கொண்டுபோயிட்டாங்க.

எனக்கு எதுவும் நெனவில்ல. அவர் சொல்லித்தான் தெரியும். ஐசியூ வாசல்ல அமுதா வந்து ஒக்காந்தாளாம். முகத்துல மாஸ்க், தலையில துண்டு. நர்ஸ் திட்டியும் எழுந்திருக்கலையாம். "மொதல்ல அக்காவக் குடு தாயே. என்னை அப்புறம் பாத்துக்கலாம்"னு வாய்விட்டு வேண்டினாளாம்.

நான் கண்ணு முழிச்சேன். என் பேரச் சொன்னேன். அந்தக் காய்ச்சல அடக்கறதுக்குன்னே மருந்து குடுத்திருந்தாங்க. டாக்டருங்க கையில அம்மன்தான் இருந்தாள்னு நான் நம்பறேன்.

"அமுதாவுக்கு ஏத்தியாச்சா?"ன்னு கேட்டேன். எங்க வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாரு.

அவளோட அணுக்கள் லேப்ல பெருகலையாம். முன்னாடி ஏத்தின மருந்துங்கள்ல அதுங்க சோர்ந்துபோயிருந்துதாம். மறுபடி எடுக்கலாம்னு பாத்தாங்க. அதுக்குள்ள நோய் நுரையீரலுக்குப் பரவிடுச்சு. அவள ஊருக்குக் கூட்டிக்கினு போயிட்டாங்க.

நான் வேண்டாத நாளில்ல. அழுது வேண்டினேன். அம்மனக் கோவிச்சுக்கினு வேண்டினேன். ஐப்பசி மழையில அவ போயிட்டா. கட்டில விட்டு எறங்கக்கூட எனக்குத் தெம்பில்ல. தாமலுக்குப் போய் கடைசியா அவ முகத்தைப் பாக்கல. அவ எனக்காக வேண்டினப்ப நான் நெனவில்லாம கெடந்தேன். "நீ கேட்டது கெடச்சுதுடி"ன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அந்த வலி இன்னும் நெஞ்சுலயே நிக்குது.

தை மாசம் ஸ்கேன் எடுத்தாங்க. எங்கயும் கட்டி இல்லைன்னாங்க. வீட்டுல யாரும் சத்தமா சிரிக்கக்கூட இல்ல. அந்த வாரமே குமார் வாசல்ல வந்து நின்னாரு.

"ஸ்கேன் எப்படி வந்துச்சுக்கா?"

"ஒக்காருப்பா, காபி போடறேன்"னேன்.

"சொல்லுக்கா. அவ கேட்டது நடந்துச்சான்னு நான் தெரிஞ்சுக்கணும்."

"சுத்தமா இருக்குதுப்பா. ஒண்ணும் இல்ல."

சுவத்துல சாஞ்சு ரொம்ப நேரம் அழுதாரு. அப்புறம் முகத்தத் தொடைச்சுக்கினு, "போதும்க்கா"ன்னாரு. காபிய முழுசாக் குடிச்சுட்டுத்தான் போனாரு.

"ஏம்மா என்னை மட்டும் உயிரோட வெச்சே?"ன்னு இன்னிக்கும் அம்மனக் கேக்கறேன். பதில் வரல. ஆனா வேண்டறத நான் நிறுத்தல. முன்னெல்லாம் என் வீடு, என் புருஷன், என் ஒடம்புன்னுதான் கேப்பேன். இப்போ செக்கப்புக்குப் போறப்ப பக்கத்துல ஒக்காந்திருக்கறவங்க பேரக் கேட்டுக்கினு வந்து, அந்தப் பேரச் சொல்லி வேண்டறேன்.

உங்கள்ல யாருக்காவது நோவு இருந்தா வைத்தியத்த விடாதீங்க, அம்மனையும் விடாதீங்க. வேண்டக்கூடத் தெம்பில்லைன்னா என்கிட்ட பேர மட்டும் சொல்லிட்டுப் போங்க. நான் வேண்டறேன். எனக்கு உயிர் அப்படித்தான் கெடச்சுது.