ஈரக் கைகளின் நேரம்

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு இருபது. கொல்கத்தாவின் காளிகாட்டில் எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். விரல்களில் எண்ணெயும் கறையும். மேடையில் சாய்த்துவைத்த கைபேசியில் ஒரு தமிழ்க் கதை ஓடிக்கொண்டிருந்தது. பல வருடம் கழித்து வந்த கடிதத்தை ஒருத்தி பிரிக்கிறாள். "அதில் எழுதியிருந்தது..." என்றது குரல். உடனே நகைக்கடன் விளம்பரம்.

"எவன்டி இதை இந்த இடத்துல கொண்டாந்து சொருகினான்?"

பொத்தானைத் தொட்டு அதைத் தவிர்க்க அம்மாவுக்குக் கை ஒழியவில்லை. முழங்கையால் முயன்றாள், கைபேசி குப்புற விழுந்து நகைக்கடனைத் தொடர்ந்தது.

சொருகியது நான்.

இலவசமாகக் கதை கேட்கத் தரும் அந்தச் செயலிக்கு, தமிழ்க் கதைகளில் விளம்பரம் வரவேண்டிய இடங்களைக் குறித்துக்கொடுப்பது என் பகுதிநேர வேலை. முதுகலை இலக்கியப் படிப்பின் செமஸ்டர் கட்டணத்தை அதில்தான் கட்டிவந்தேன். பவானிபூர் அலுவலகத்தில் எனக்கு வேலை கற்றுத்தந்த வங்காளப் பெண்ணை எல்லோரையும் போல நானும் தீதி, அதாவது அக்கா, என்பேன். 'விளம்பரம்' என்ற சொல்லை முதன்முதலில் என் வாயிலிருந்து கேட்டபோது அவர் சிரித்தார். வங்காளத்தில் 'பிலம்போ' என்றால் தாமதம். "சரியான பேருதான். நாம விக்கிறதே அந்தத் தாமதத்தைத்தான்" என்றார்.

எங்கள் நேயர்களில் பாதிப்பேர் பாத்திரம் துலக்குபவர்கள், மாவு பிசைபவர்கள். அலுவலகத்தில் அவர்களுக்கு 'ஈரக் கைகள்' என்று பெயர். காய்ந்த கை விளம்பரத்தைத் தவிர்த்துவிடும். ஈரக் கை கேட்டே தீரும். அந்தக் கைக்காரி கதையை விட்டு நகர முடியாத வாக்கியம் எது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். வகுப்பறையில் கற்றதே போதுமானதாக இருந்தது. நான் தவறியதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"நான்தாம்மா வச்சேன்" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "கெட்டிக்காரிதான் போ. உங்கம்மா எந்த இடத்துல வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பான்னு அளந்துல்ல வச்சிருக்க."

"இலவசம்மா அது. யாராவது காசு கொடுக்கணுமில்ல?"

"விளம்பரமே வேணாம்னா சொன்னேன்? டிவியில பார்க்காததா? சொல்ல வந்ததைச் சொல்லிட்டுப் போடு. வாய்க்கிட்ட வந்த சோத்தைப் பிடுங்கி வச்சுக்கிட்டுப் போடாத."

விளம்பரம் முடிந்து கடிதம் வாசிக்கப்பட்டது. இருவருமே அதைக் கேட்கவில்லை.

தீதியைக் கைபேசியில் அழைத்தேன். விளம்பரக் குறிகளைக் காட்சி முடியும் இடங்களுக்கு நகர்த்தப்போவதாகச் சொன்னேன்.

"ஷோனோ," என்றார், கேள் என்று செல்லமாக. "காட்சி முடிஞ்சா கையைத் துடைச்சுக்கிட்டு நிறுத்திடுவாங்க. அப்புறம் விளம்பரக்காரன் எதுக்குப் பணம் தரணும்? கதை வாசிக்கிறவங்களுக்கு யார் தருவா? உங்கம்மாவா?"

"போறவங்க போகட்டும், தீதி."

"அப்போ அடுத்து வர்ற கதைங்க வேற பொண்ணுக்குப் போயிடும். அதுவும் போகட்டுமா?"

"போகட்டும்."

அடுத்த செமஸ்டர் கட்டணமும் அதோடு போகும் என்று தெரிந்தே சொன்னேன்.

தீதி சொன்னதில் பொய் இல்லை. மறுத்துக்காட்ட என்னிடம் இன்றும் கணக்கு எதுவும் கிடையாது. இலவசம் என்றால் ஏதாவது ஒரு வகையில் விலை கொடுத்தாக வேண்டும் என்பது அம்மாவுக்கும் தெரியும், கொடுக்கவும் தயாராகத்தான் இருந்தாள். அவளுடைய நேரத்தை அவளிடம் கேட்டு வாங்கலாம். கை நனைந்திருக்கிறது என்று பார்த்து எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு என் வாசிப்புத் திறமையைத் தரமாட்டேன்.

மறுநாள் காலை, கைவசமிருந்த பதினேழு கதைகளையும் திறந்து எல்லாக் குறிகளையும் நகர்த்தினேன். 'இந்த இடத்தைத் தேர்ந்த காரணம்' என்ற கட்டத்தில் வழக்கமாக 'கேட்பவர் நகரமாட்டார்' என்று எழுதுவேன். அன்று ஒவ்வொரு கதைக்கும், நகலெடுத்து ஒட்டாமல், தனித்தனியாகத் தட்டச்சு செய்தேன்: 'கேட்பவர் இங்கே எழுந்து போகலாம்.' தீதிக்கு அனுப்பிவிட்டு, கல்லூரிக்கு மெட்ரோ பிடிக்க நடந்தேன்.