வத்தல்மலை வளைவுகளில், பின் சீட்டில் அப்பாவோடு

காலை 6.40, பாப்பாரப்பட்டி. கிளம்புவதற்கு முன்பே தகராறு. என் வண்டி 155 சிசி ஸ்போர்ட்ஸ் பைக். பின் சீட்டு முன் சீட்டைவிட ஒரு சாண் உயரம்; பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. அதில் ஒருபக்கமாகக் கால்போட்டு உட்கார முடியாது என்று நான் சொல்ல, வேட்டியை விட மாட்டேன் என்று அப்பா சொல்ல, கடைசியில் தம்பியின் ட்ராக் பேண்டைப் போட்டு, அதன்மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.

விஷயம் இதுதான். எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சம்பளத்தைச் சேர்த்துவைத்து, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இந்த வண்டியைப் பழையதாக வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. பதிவு அப்பா பெயரில். பெண் பிள்ளைக்கு எதற்குக் குனிந்து ஓட்டுகிற வண்டி, விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கு என்பது அவர் கட்சி. இந்தப் பயணத்துக்கு மறுநாள் கடத்தூரிலிருந்து ஒருவர் வண்டியை வந்து பார்ப்பதாகப் பேசியும் விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு வேளை சாப்பிடவில்லை. பிறகு ஒரே ஒரு வாய்ப்புக் கேட்டேன். மாதம் ஒரு முறை அப்பா மொபெட்டில் வத்தல்மலைக்குப் போய்ச் சாமை வாங்கி வருவார். இந்த முறை என் பின்னால் உட்கார்ந்து வரட்டும். ஏறி இறங்கிய பிறகும் விற்கத்தான் வேண்டும் என்றால், கடத்தூர்க்காரர் கையில் நானே சாவியைக் கொடுத்துவிடுகிறேன். அப்பா ஒப்புக்கொண்டார்.

7.25, தருமபுரி. மீட்டர்ப்படி பதினேழு கிலோமீட்டர். அப்பாவுக்காக நாற்பதைத் தாண்டவே இல்லை. ஒரு பால்காரர்கூட எங்களை முந்திப் போனார். இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல், இரண்டு டீ இருபத்து நான்கு ரூபாய். பின் சீட்டு எப்படி என்று டீக்கடைக்காரர் விசாரித்தார். பரண்மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னார். நான் டீயைக் குடித்தேன்.

8.20, அடிவாரம். இங்கிருந்து மலைச்சாலை. கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கு மேல். முதல் மூன்றும் நன்றாகப் போயின. நான்காவதில் எதிரே ஒரு ஜீப் இறங்கி வர, பயந்துபோய் உள்பக்கமாக ஒட்டி நுழைந்துவிட்டேன். புதிதாக இந்த வகை வண்டி ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்போர்ட்ஸ் பைக்கின் ஹேண்டில்பார் ஸ்கூட்டர் மாதிரி முழுக்கத் திரும்பாது. வளைவு முடிவதற்குள் ஹேண்டில் முடிந்துவிட்டது. எஞ்சின் நின்றது, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, நானும் அதோடு போனேன். அப்பா எப்போது குதித்தார் என்று தெரியாது; வேட்டி கலையாமல் சாலையில் நின்றுகொண்டிருந்தார். வண்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அதற்குப் பிறகு ஒரு வளைவிலும் கால் ஊன்றவில்லை. வெளிப்பக்கமாக அகலமாக நுழைவது, முதல் கியர், கண் சக்கரத்தின்மேல் இல்லாமல் சாலை போகும் பக்கம். அவ்வளவுதான் வித்தை. விழுந்த பிறகு நன்றாகவே வருகிறது.

9.15, பெரியூர். மலைமேல் காற்றே வேறு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி, சரிவில் சாமைக் காடு. அப்பாவுக்குச் சாமை கொடுக்கும் வெள்ளையன் வீட்டில் களி சாப்பிட்டோம். மகள்தான் ஓட்டி வந்தாளா என்று அவர் கேட்க, அப்பா சொன்னார்: "பாப்பாதான் ஓட்டுச்சு. ஒரு எடத்துல கீழ போட்டுடுச்சு." அந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமலே பதில் முழுமையாகத்தான் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பிச் செடியைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

11.30, இறக்கம். அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. அவர் வயதுக்காரர்கள் பலருக்கும் உண்டு. இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவது. மொபெட் தானாக உருளும், பெட்ரோல் மிச்சம். முதல் வளைவுக்கு முன்பே தோளைத் தட்டினார்.

"ஆஃப் பண்ணு பாப்பா. எறக்கந்தான, சும்மாவே போவும்."

கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் காலையில் கீழே போட்டவள் நான். மறுபடி எதிர்த்துப் பேசினால் வண்டி போய்விடும் என்று தோன்றியது. கியரை நியூட்ரலில் தள்ளி, சாவியைத் திருப்பினேன். தெரிந்தே செய்த தப்பு.

இரண்டு வளைவு சுகமாக இருந்தது. குருவிச் சத்தம் கேட்டது. பிறகு வேகம் ஏறத் தொடங்கியது. மொபெட்டைப்போல இரண்டரை மடங்கு எடை, இரண்டு ஆள், ஐந்து கிலோ சாமை. பிரேக்கை விட்டால் பாய்கிறது, பிடித்தபடியே இருந்தால் சூடாகிறது. கருகிய வாடை வந்தது. பிரேக் லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனது. அடுத்த வளைவில் சாலையெல்லாம் பொடிக்கல். அழுத்திப் பிடித்தேன், முன்சக்கரம் வழுக்கியது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இந்த வண்டியில் உண்டு. சாவியை அணைத்ததும் அதுவும் சேர்ந்து அணைந்திருந்தது. அப்பாவின் விரல்கள் என் தோளில் புதைந்தன. லீவரை ஒரு கணம் விட்டு, மறுபடி மெல்லப் பிடித்து, தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

இருவரும் இறங்கி நின்றோம். அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"இனிமே நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுப்பா. வண்டி நான் ஓட்டறேன்" என்றேன். என் அப்பாவிடம் அந்தக் குரலில் நான் பேசியதே இல்லை. அவர் தலையை ஆட்டினார்.

பிரேக் ஆறும்வரை அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு எஞ்சினைப் போட்டு, இரண்டாவது கியரில் கிளட்ச்சை முழுதாக விட்டேன். எஞ்சின் உறுமிக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்தது. வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் இறங்கினோம். நான்காவது வளைவில், காலையில் விழுந்த இடத்தில், சும்மா இருக்க முடியாமல் ஒருமுறை ஹாரன் அடித்தேன்.

பகல் 1.10, அடிவாரம். நிறுத்தியதும் அப்பாவின் போன் அடித்தது. கடத்தூர்க்காரர். நாளை எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டிருப்பார். அப்பா திரும்பி வண்டியைப் பார்த்தார்.

"வண்டி பாப்பாவுதுங்க. அதுகிட்டயே கேட்டுக்குங்க" என்று போனை என்னிடம் நீட்டினார்.

விற்பதில்லைங்க என்று சொல்லிப் போனை வைத்தேன். குரல் உடையாமல் சொன்னதில் எனக்குப் பெருமைதான்.

திரும்பும் வழியில் மலை முதுகுப் பக்கம் சிறுத்துக்கொண்டே வந்தது. ஓசூர் சாலைகளில் இந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறேன். நேரான, அகலமான சாலைகள். இரண்டு மாதம் அங்கே கற்றதைவிட ஒரே காலையில் இங்கே கற்றது அதிகம். தருமபுரி தாண்டியும் பழக்கதோஷத்தில் நாற்பதிலேயே போய்க்கொண்டிருந்தேன். அப்பா என் தோளிலிருந்து கையை எடுத்துச் சாமைப் பைமேல் வைத்திருந்தார். சோகத்தூர் அருகே ஒரு டிராக்டர் எங்களை முந்தியது.

பின்னாலிருந்து குரல் வந்தது: "இப்பிடியே போனா வூடு போய்ச் சேர சாயங்காலம் ஆயிரும் பாப்பா."