வீரம்மாள் வீட்டுப் புற்று

வீரம்மாளுக்கு எறும்பைக் கண்டால் ஆகாது. எறும்பை மட்டும் சொன்னால் மற்றவை கோபித்துக்கொள்ளும். கரப்பான், வண்டு, மூட்டைப்பூச்சி, பூரான், எதுவுமே ஆகாது. விழுப்புரத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். விடிந்ததிலிருந்து அந்தப் பக்கம் எதையாவது தட்டுகிற, உதறுகிற, கொட்டுகிற சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாணமான புதிதில் திண்டிவனத்தில் ஒன்பது வருஷத்துக்குள் ஏழு வாடகை வீடு மாறியவள். ஒவ்வொரு வீட்டிலும் முன்னால் குடியிருந்தவர்கள் வளர்த்து வைத்த மூட்டைப்பூச்சி காத்துக்கொண்டிருக்கும். கைக்குழந்தை அம்சவள்ளியின் முதுகு முழுக்கத் தடிப்பு. கட்டிலைத் தெருவில் போட்டு வெந்நீர் ஊற்றினால் வீட்டுக்காரி சண்டைக்கு வருவாள், நாலு பேர் பார்த்தால் தன் வீட்டு மானம் போகிறதாம். எனக்கென்று நாலு சுவர் இருந்தால் ஒரு பூச்சியை உள்ளே விடமாட்டேன் என்று அப்போதெல்லாம் அழுதிருக்கிறாள்.

புருஷன் சுப்பராயலுவுக்கு விழுப்புரத்தில் மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற மில்லில், வேலை கிடைத்தது. ஐம்பத்தேழில் எங்கள் தெருவில் இடம் வாங்கி வீடு கட்டினார்கள். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, மண் சுவர், மேலே ஓடு. சேற்றை மிதித்ததில் பாதி வீரம்மாளின் கால்தான். சொன்னபடியே ஒரு பூச்சியை உள்ளே விடவில்லை. பருப்பு டப்பாவில் வசம்பு, அரிசிப் பானையில் வேப்பிலை, அலமாரியின் நாலு காலுக்கும் தண்ணீர்க் கிண்ணம், சாயங்காலம் நொச்சிப் புகை. டி.டி.டி. மருந்து அடிக்கிறவர்கள் தெருவுக்கு வந்தால் நாங்களெல்லாம் சுவர் வெள்ளையாகிவிடும் என்று கதவைச் சாத்துவோம். இவள் அவர்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, அடுப்படி மூலையில் இன்னொரு தடவை அடிக்கச் சொல்வாள்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள்தான் புற்று வந்தது. அதற்கு முதல் மஞ்சள் வைத்ததும் அவளேதான்.

ஐம்பத்தொன்பது பங்குனியில் அம்சவள்ளிக்கு அம்மை போட்டது. பன்னிரண்டு வயதுப் பெண், தலையிலிருந்து கால்வரை முத்து. அம்மை கண்ட வீட்டில் என்னென்ன கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். தாளிக்கக்கூடாது, மருந்து அடிக்கக்கூடாது, துடைப்பத்தை ஓங்கக்கூடாது, ஓர் உயிரைக் கொல்லக்கூடாது. வீரம்மாள் மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று வாரத்தில் பின் அறை மூலையில் கரையான் ஒரு சாண் உயரத்துக்கு மண்ணை எழுப்பிவிட்டது. வேறொரு நாளாயிருந்தால் கடப்பாரைதான். அன்றைக்கோ குழந்தை நினைவு தப்பிக் கிடக்கிறது. மாரியம்மனே வீடு தேடி வந்துவிட்டாள் என்று நடுங்கிப்போய், மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, விழுந்து கும்பிட்டாள். "எம் பொண்ண வுட்டுடு ஆத்தா. நீ இங்கயே இருந்துக்க."

பெண் பிழைத்துக்கொண்டது. ஆத்தாளும் இருந்துகொண்டாள்.

தெருவுக்குச் செய்தி போக எத்தனை நேரம் ஆகும்? முதல் வெள்ளிக்கிழமை நாலு பேர், அடுத்த மாதம் நாற்பது பேர். பாலும் முட்டையும் கொண்டுவந்து ஊற்றினோம். நானும்தான் ஊற்றினேன், மறைப்பானேன். கோலியனூரிலிருந்து நடந்தே வந்தவர்களும் உண்டு. பால் வாடைக்கு எறும்பு சாரை சாரையாக வந்தது, ஈ மொய்த்தது, புற்று இடுப்பளவு வளர்ந்தது. அவற்றில் ஒன்றையும் வீரம்மாள் தொடக்கூடாது. எங்கள் கால் பட்டு நசுங்கிய எறும்புகளைப் பார்த்துக்கொண்டு, கையைப் பிசைந்துகொண்டு, முன் அறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள்.

சுப்பராயலு கதை வேறு. மில்லில் மூட்டை தூக்குகிற மனுஷனை அதுவரை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. மஞ்சள் வேட்டி கட்டி, புற்று மண்ணை எடுத்து எங்கள் நெற்றியில் பூச ஆரம்பித்ததும் அவர் 'சாமி' ஆகிவிட்டார். மில் மேஸ்திரியே வந்து குனிந்து நின்றார். நல்ல மனுஷன்தான், யாரிடமும் கை நீட்டி எதையும் வாங்கியதில்லை. ஆனால் அந்த ஒரு சொல் அவருக்கு வெல்லமாக இனித்தது.

பின் அறை கோயிலானதும் வீட்டுப் பெண்கள் பாடு திண்டாட்டமாயிற்று. மாதத்தில் மூன்று நாள் தாயும் மகளும் என் வீட்டுப் பின்கட்டில் வந்து கிடப்பார்கள். தன் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கப் புருஷனைக் கேட்கவேண்டியிருக்கிறதே என்று வீரம்மாள் பொருமுவாள். அப்புறம் தானாகவே வாயைப் பொத்திக்கொள்வாள். வாக்குக் கொடுத்தவள் அல்லவா?

அறுபத்து நாலில் அம்சவள்ளியைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அடுத்த வருஷமே முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்முடைய வழக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்து வரவேண்டும் என்று வீரம்மாள் நாளெண்ணிக்கொண்டிருந்தபோது சுப்பராயலு மெதுவாகச் சொன்னார்.

"அம்சா அங்கயே பெத்துக்கட்டும், வீரம்மா. ஆத்தா இருக்கற வூட்ல பிள்ளப்பேறு தீட்டு ஆவாது."

அன்று அவள் போட்ட சத்தம் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. "எம் பொண்ணு பெத்துக்க எடமில்லாத வூட்ட நான் ஏன் கட்டனேன்? அவளுக்கு மாமியா இல்ல, நாத்தனா இல்ல. யார் பாப்பா?"

தெருப் பெண்களும் அவர் பக்கம்தான். பொறுத்துக்கொள் என்று அவளுக்குப் புத்தி சொன்னவர்களில் நானும் ஒருத்தி, இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. வீரம்மாள் இரண்டு மாதம் நிலைகொள்ளாமல் அலைந்தாள். சோற்றைப் பிசைவாள், பாதியில் எழுந்துவிடுவாள். அங்கே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்கிற ஒரே பேச்சு. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். சாயங்காலம் மகளோடு வந்து இறங்கி, நேராகப் பின் அறையில் பாயை விரித்து, புற்றுக்கு ஆறடி தள்ளி அவளைப் படுக்கவைத்தாள்.

"வலி எடுத்தா என் வீட்டுக்குக் கூட்டிக்கினு வந்துடு" என்றேன்.

"வேணாங்க்கா. இது அவ வூடு."

வலி எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். வாசலில் பால் செம்போடு முப்பது பேர், உள்ளே அம்சவள்ளியின் முனகல். சுப்பராயலு கதவுக்குக் குறுக்கே நின்றார். அவர் கையைத் தட்டிவிட்டு வீரம்மாள் மருத்துவச்சி கோவிந்தம்மாளையும் என்னையும் உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். உச்சிப்பொழுதுக்கு முன்னால் பெண் குழந்தை பிறந்தது. அது அழுத சத்தம் கேட்டதும் வாசலில் இருந்தவர்கள் தீட்டுக்குப் பயந்து செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கதவைத் திறந்தபோது சுப்பராயலு மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

பதினாறாம் நாள் வீட்டைக் கழுவினார்கள். தீட்டுப் போயிற்று, பரிகாரம் பண்ணிவிட்டு மறுபடி பால் ஊற்றலாம் என்று நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். வீரம்மாள் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வேப்பிலை பரப்பிக் கொண்டுவந்து புருஷன் முன்னால் வைத்தாள்.

"பிடிமண்ணு எடுத்துக்கினு போங்க. ஏரிக்கர வேப்ப மரத்தடியில கொண்டுபோய் வைங்க. கோயில் எடம் மாத்தறவங்க செய்யறதுதான். ஆறு வருஷமா உங்களுக்கு சாமின்னு பேரு கெடச்சுது. எனக்கு வூடு போச்சு."

சுப்பராயலு பேத்தியைப் பார்த்தார், வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டார். பெண்கள் குலவையிட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்கள்.

அம்சவள்ளியைக் குழந்தையோடு என் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். இங்கே நாங்கள் இரண்டு பேர்தான். வீரம்மாள் கடப்பாரையை எடுத்தாள். "நான்தான் கூப்பிட்டேன், நானே அனுப்பறேன். கோச்சிக்காத" என்று புற்றைக் கும்பிட்டுச் சொல்லிவிட்டு ஓங்கினாள். மூன்றே குத்தில் சரிந்துவிட்டது. உள்ளே வெறும் கரையான், வெள்ளை வெளேரென்று. குழியில் மண்ணெண்ணெய் ஊற்றி, கெமாக்சின் பூச்சிப் பவுடரைக் கொட்டி, செங்கல்லால் அடைத்தாள். நான் கூடையில் மண்ணை வாரினேன்.

இனியாவது இந்தப் பெண் நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். எனக்கு என்ன தெரியும்! அன்றிலிருந்து குழந்தையை விட்டு ஓர் அடி நகரவில்லை. சட்டையை அவிழ்த்து அவிழ்த்து முத்து போட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். குழந்தை தும்மினால் இவள் முகம் வெளுக்கும். பகலில்கூட மூக்கருகே விரலை வைத்து மூச்சைப் பார்ப்பாள். நாற்பதாம் நாள் குழந்தையின் கன்னத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. கொசுக்கடி. கொசுக்கடி என்று நான் சொன்னேன், அம்சவள்ளி சொன்னாள், கோவிந்தம்மாளைக் கூட்டிவந்து அவளும் சொன்னாள். வீரம்மாள் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு மகளின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைக்க ஆரம்பித்தாள்.

"இன்னாம்மா, அஞ்சு மாசம் வச்சிக்கினு அனுப்பறேன்னு சொன்னியே" என்றாள் அம்சவள்ளி.

"கெளம்பு. ஜல்தி கெளம்பு."

சுப்பராயலுதான் அவர்களைக் கொண்டுபோய் விடப் பஸ் ஏறினார். வீரம்மாளோடு பஸ் ஸ்டாண்டு வரை நானும் போனேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. "அவள இங்க கொண்டாறதுக்கு அவ்ளோ சண்ட போட்டியே. இப்ப இன்னாத்துக்குத் தொரத்தற?"

"இடிச்சது நான்தானேக்கா. ஆத்தாளுக்குக் கோவம் இருந்தா வந்து என்னக் கேக்கட்டும். அந்த வூட்ல நான் ஒருத்தி மட்டும் இருந்தா போதும்."

பஸ் போன பிறகும் அவள் அங்கிருந்து நகரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அடுப்பில் வேலை கிடந்தது, இரண்டு தடவை கூப்பிட்டேன்.

"பஸ்ஸு மயிலம் ரோடு தாண்டியிருக்குமாக்கா?" என்று கேட்டாள்.

மயிலம் ரோடு திண்டிவனத்துக்குக் கிட்டே. தாண்டியிருக்கும் என்றேன். அதற்கப்புறம்தான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.