மூன்று பெயர் கொண்ட பக்கம்

எண்பதுகளின் கடைசியில் துவாக்குடியில் ஒரு சின்னக் கம்பெனியில் சர்க்யூட் போர்டு வரைந்துகொண்டிருந்தேன். கையால் கறுப்பு டேப் ஒட்டிச் செய்த வேலை அப்போதுதான் கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. அந்த சாஃப்ட்வேரை எழுதியவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை போலும். ஈயம் வைத்துப் பற்றவைக்கும் அடிப்பக்கத்துக்கு வரையும்போது ஒரு பெயர், பிரிண்ட் எடுக்கும்போது வேறு பெயர், கையேட்டில் வெறும் 'லேயர் இரண்டு'. இந்தக் குழப்பத்தில் ஐம்பது போர்டுகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி வந்தன.

இனிப் பெயரை நம்பாமல் அந்தப் பக்கத்து மூலையில் ஓர் அடையாளம் வரைவோம், பிரிண்டில் அது நேராகத் தெரிந்தால் சரி என்றேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் சக ஊழியர் பக்தியோடு நாமம் வரைந்தார். பிரிண்டைப் பார்த்து, "நேராத்தான் இருக்கு, அனுப்பிடுங்க" என்றார். நானும் யோசிக்காமல் போர்டு செய்யும் இடத்துக்கு அனுப்பினேன். மறுபடியும் இடவலம் மாறி வந்தது.

"நாமத்த எந்தப் பக்கத்துலேர்ந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதாங்க இருக்கும்" என்றேன்.

கடிதத்தில்கூடப் பிள்ளையார் சுழி போடாத அந்த வைஷ்ணவர், அடுத்த போர்டின் மூலையில் தம் கையாலேயே ஒரு 'உ' வரைந்தார்.