பதினாறு புள்ளி ஒன்று

கண்ணாடிக் கடையில் அவளுக்கு வைத்த பெயர் ‘கால் பாயிண்ட்’. கண் பரிசோதனைக்கு உட்கார்ந்தவரிடம், “இது தெளிவா இருக்கா, முன்னாடி வெச்சது தெளிவா?” என்று கேட்டே ஆளைக் கிறங்கடித்துவிடுவாள். லென்ஸில் கால் பாயிண்ட் வித்தியாசம் இருந்தாலும் விடமாட்டாள்.

வாரத்தில் மூன்று நாள், எண்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த கிளைக் கடைக்குக் காரில் போய்வருவாள். அண்ணன் ஓட்டித் தீர்த்துவிட்டு அவள் தலையில் கட்டிய பழைய கார். வழி முழுக்க நெடுஞ்சாலை. வளைவில்லை, மேடில்லை, ஒரே வேகம். ஆனாலும் எஞ்சினை ஆட்டிவைக்கும் சின்னக் கம்ப்யூட்டர், ஊருக்குள் கலக்கும் அதே கணக்கில்தான் அங்கேயும் கலந்தது: எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய பதினாலே முக்கால் பங்கு காற்று. சும்மா மிதந்து போகிற வண்டிக்கு எதற்கு இவ்வளவு தீனி? இந்தக் கேள்வி ஒருநாள் அவள் மண்டைக்குள் புகுந்தது. பிறகு வெளியே போகவே இல்லை.

நாலு மாதம் விழுந்து விழுந்து படித்தாள். தெரிந்த மெக்கானிக்கைப் பிடித்து, புகைக்குழாயில் கலவையை அளக்கும் சென்சார் ஒன்றைப் பொருத்தினாள். அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர், எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்று.

“ஓடுற வண்டிய எதுக்குடி நோண்டுற? கயிறு கட்டி இழுத்துட்டுதான் வரப்போற, பாரு” என்றான் அண்ணன்.

“இழுக்கிறதுக்கும் ஆள் வேணும்ல? நானும் போறேன்” என்று செருப்பை மாட்டினாள் அண்ணி.

அண்ணிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் தெரிந்த எண்களை ஒலிபெருக்கியில் சொல்கிற அதே குரலில் அறிவித்துக்கொண்டே வந்தாள். “கலவை... பதினாலு... புள்ளி... ஏழு!”

“அண்ணி, நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

“பழகின தொண்டைடி. இப்படித்தான் வரும்.”

பத்து கிலோமீட்டர் ஓட்டுவது, ஓரங்கட்டுவது, கம்ப்யூட்டருக்குள் இருந்த கலவை அட்டவணையில் நிதானமாக ஓடும் வேகத்துக்குரிய நாலைந்து கட்டங்களை மட்டும் திருத்துவது, மறுபடி ஓட்டுவது. பெட்ரோலைக் குறைக்கக் குறைக்க எண் ஏறியது: பதினைந்து, பதினைந்தரை. வண்டி பூனை மாதிரி போனது. கால் பாயிண்டுக்கு ஆசை விட்டதா? ஒரே தாவலில் பதினேழில் வைத்தாள்.

சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் வண்டி விக்கியது. ஒன்றல்ல, இரண்டல்ல, விடாமல் விக்கியது. அண்ணி அலறிய அலறலில் முன்னால் போன லாரிக்காரன் வழிவிட்டு ஒதுங்கினான்.

ஓரங்கட்டினார்கள். பதினாறு புள்ளி ஒன்றுக்கு இறக்கி ஓட்டியும் மெல்லிய குலுங்கல் போகவில்லை. மறுபடி ஓரங்கட்டினாள்.

“ஏன்டி இப்படி மக்கர் பண்ணுது?”

“பெட்ரோல் குறைஞ்சா நெருப்பு மெதுவா பரவும் அண்ணி. பிஸ்டன் கீழ இறங்க ஆரம்பிச்ச பிறகும் பாதிதான் எரிஞ்சிருக்கும்.”

“இதுக்கா முழிக்கிற? வயசானவங்க கூட்டமா இருந்தா, நான் அஞ்சு நிமிஷம் முன்னாடியே பஸ் வருதுன்னு சொல்லிடுவேன். அவங்க மெதுவா நடந்து வந்தாலும் சரியா ஏறிடுவாங்க.”

கால் பாயிண்ட் அண்ணியையே பார்த்தாள். தீப்பொறியை முன்கூட்டியே போடவேண்டும் என்று அவள் எங்கோ படித்திருந்தாள்தான். பதினேழைக் கண்ட மயக்கத்தில் அது மறந்தே போயிருந்தது. அண்ணியின் கன்னத்தில் பச்சக்கென்று ஒரு முத்தம் வைத்துவிட்டு, அந்தக் கட்டங்களில் தீப்பொறியை மூன்று டிகிரி முன்னால் தள்ளி, வண்டியைச் சாலையில் ஏற்றினாள்.

“இப்ப சொல்லுங்க. இது நல்லா இருக்கா, முன்னாடி நல்லா இருந்துச்சா?”

அண்ணி கண்ணை மூடி, இருக்கையில் கையை வைத்துப் பார்த்தாள். குலுங்கல் இல்லை. “வண்டி ஓடுதா நிக்குதா?” என்றாள். “பதினாறு... புள்ளி... ஒன்று!”

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கலவை சமர்த்தாகப் பழைய கணக்குக்குத் திரும்பியது. காலைத் தளர்த்தினால் மறுபடி பதினாறு புள்ளி ஒன்று. இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏன் சிரிக்கிறோம் என்று கேட்டு ஒருமுறை, கேட்டதற்கே இன்னொருமுறை. திரும்பவேண்டிய இடம் எப்போது கடந்து போனதென்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அண்ணன் போன் செய்தபோது பத்தொன்பது கிலோமீட்டர் தாண்டியிருந்தார்கள்.

“எங்கடி நின்னு போச்சு?”

“நிக்கவே மாட்டேங்குதுங்க!” என்று அண்ணி கத்தினாள். இழுவைக் கயிற்றோடு வாசலில் காத்திருந்த மனிதருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஆனாலும் திரையில் கண்டதை முடிவென்று எடுத்துக்கொள்கிறவளா அவள்? டேங்கை முட்ட நிரப்பி, ஒரு வாரம் வேலைக்குப் போய்வந்து, அதே பெட்ரோல் பங்கில் மறுபடி முட்ட நிரப்பினாள். ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்தாள். நம்பாமல் இன்னொருமுறை வகுத்தாள். லிட்டருக்குப் பதினைந்து ஓடிக்கொண்டிருந்த வண்டி, பதினாறரை! பம்புக்குப் பக்கத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“என்னக்கா, லாட்டரி விழுந்துச்சா?” என்றார் பெட்ரோல் போடுகிறவர்.

“அதெல்லாம் எந்த மூலைக்கு!” என்றவள், அங்கேயே அண்ணிக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அண்ணி அப்போது வேலையில் இருந்தாள். மைக்கையும் அணைக்கவில்லை.

“பதினாறரையா!” என்று பேருந்து நிலையம் முழுக்க அதிர்ந்தது. பதினாறாவது மேடையில் நின்ற கூட்டம் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு, பதினாறரை எங்கே இருக்கிறதென்று தேடி ஓடியது.