மெஹருன்னிசா கொடுத்த மாத்திரை

போன வியாழக்கிழமை மதியம் கோர்ட்டிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து செல்வம் பேசினான். “வக்கீலம்மா, மெஹரக்கா போய்ட்டாங்க. மிஷின்ல உக்காந்துகினே அப்படியே சாஞ்சிட்டாங்க” என்றான். பூத்துக்காரர் அவனிடமிருந்து ரிசீவரை வாங்கி, சாயங்காலத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொன்னார்.

மயிலாப்பூர் பெண்கள் பலருக்கு மெஹருன்னிசாவை ரவிக்கை தைப்பவராகத் தெரியும். அடையாறில் போதைச் சிகிச்சை நிலையத்துக்கு வந்துபோனவர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். இரண்டு பக்கத்தாருக்குமாக இதை எழுதுகிறேன். நான் முதலில் அவருடைய வக்கீல், பிறகு தோழி.

அவருடைய தம்பி கரீம் ஆட்டோ ஓட்டியவர். பவுடர் என்று எல்லோரும் சொல்லும் ஹெராயினில் சிக்கிக்கொண்டார். சிகிச்சை நிலையத்தில் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை ஒன்றைக் கொடுத்தார்கள். பவுடர் இல்லாமல் உடம்பு படும் பாட்டை அது அடக்கும். சில மாதங்களில் கரீம் காலையில் எழுந்து, குளித்து, வண்டி எடுக்கிற ஆளாகிவிட்டார். ஒருநாள் சோதனையில் சட்டைப்பையில் மாத்திரை இருந்தது; டாக்டர் சீட்டு இல்லை. சீட்டு இல்லாவிட்டால் அதுவும் போதைப்பொருள் வழக்குதான். சிறையில் அந்த மருந்து கிடையாது. ஜாமீனில் வெளியே வந்தவர் மறுபடி பவுடரைத் தேடிப் போனார். இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்கவில்லை; உயிர் போய்விட்டது. “பவுடர் வச்சிருந்தப்ப ஒரு தபா கூட மாட்டல வக்கீலம்மா. மருந்து வச்சிருந்தப்பதான் புடிச்சாங்க” என்று மெஹர் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கரீமின் மாத்திரைகள் கொஞ்சம் வீட்டில் மிஞ்சியிருந்தன. நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்கும் ராணி ஒருநாள் காலை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ராணியின் புருஷன்தான் செல்வம். அவன் பவுடரை நிறுத்திப் பார்த்து, வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்தான். போலீஸ் நிற்கும் என்று பயந்து சிகிச்சை நிலையத்துக்கு வர மறுத்தான். மெஹர் மாத்திரைகளைத் தாளில் மடித்துக்கொண்டு குப்பத்துக்குக் கிளம்பினார். ராணியோடு அவர் நடந்துபோவதைப் பார்த்த ஒரு போலீஸ்காரர், கரீமின் அக்கா என்று அடையாளம் கண்டு நிறுத்தினார்.

நான் ஸ்டேஷனுக்குப் போனபோது மெஹர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அது என்ன மாத்திரை என்றே தெரியாது, தம்பியுடையதைத் தூக்கிப்போட எடுத்துப்போனேன் என்று சொல்லலாம் என்றேன்.

“தெரிஞ்சுதானே எடுத்தாந்தேன்? தெரியாதுன்னு சொன்னா நான் வெளிய வந்துருவேன். அந்தப் புள்ள இன்னா ஆவான்? மருந்துன்னு யாராவது சொல்லணுமில்ல?”

சொன்னார். இன்ஸ்பெக்டர் வழக்குப் போட்டார். தீபாவளி நெருங்கிய நேரம். மெஹர் பெண்கள் சிறையில் இருக்க, துணி கொடுத்திருந்தவர்கள் வந்து வெட்டியதும் வெட்டாததுமாகத் திரும்ப வாங்கிப் போனார்கள். சிலர் பிறகு வரவேயில்லை.

ஆனால் மெஹரைப் பிடித்துப்போன அன்றே ராணி புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அடையாறுக்குப் போயிருந்தாள். “உன்னாலதான் அந்தக்கா உள்ள கீறாங்க. நட” என்றாளாம். ஜாமீனில் வந்த மெஹரை டாக்டர் சும்மா விடவில்லை. “அளவு தெரியாமல் கொடுத்து அவன் மூச்சு நின்றிருந்தால்?” என்று கடுமையாகத் திட்டினார். மெஹர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். “தப்புதான் டாக்டர். அவன் உங்ககிட்ட வர்றதுக்கு வழி இருந்திருந்தா நான் எடுத்துகினு போயிருக்க மாட்டேன்” என்றார். பிறகு அந்த டாக்டரே வழக்கில் மெஹருக்காகச் சாட்சி சொல்ல வந்தார்.

நீதிபதி மெஹரை விடுதலை செய்தார். அன்று கோர்ட் வராந்தாவில் இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இனிமே அந்த மாத்திரைக்காக எங்க ஆளுங்க யாரையும் தூக்க மாட்டாங்க. சொல்லிட்டேன். ஆனா எழுதியெல்லாம் குடுக்க மாட்டேன்மா” என்றார். சட்டம் மாறவில்லை, ஒரு ஸ்டேஷன் எல்லைக்குள் பயம் மட்டும் குறைந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். சிகிச்சை நிலையத்துக்குப் பின்சந்து வழியாக வந்தவர்கள் முன்வாசல் வழியாக வந்தார்கள். மனைவிகள் கூட வந்தார்கள். கடலுக்குப் போனவனின் மருந்தை அண்ணன் வந்து வாங்கிப் போனான். கெட்டதும் நடந்தது. இரண்டொருவர் தி.நகரில் மாத்திரையை விற்கவும் செய்தார்கள். மெஹருக்கு அது தெரிந்தபோது வந்த கோபத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. ஆனாலும், “பார்த்தியா, இதுக்குத்தான் சொன்னோம்” என்று யாராவது ஆரம்பித்தால், “விக்கிறவனைப் புடிங்க. முழுங்குறவனை ஏன் புடிக்கிறீங்க?” என்பார்.

அந்த இன்ஸ்பெக்டர் மாற்றலாகி, புதிதாக வந்தவர் பழையபடி ஆட்களைப் பிடித்தபோது, மெஹர் கைவேலையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். காலையிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்குக் கொக்கி தைத்தார். மதியம் புது இன்ஸ்பெக்டரே எழுந்து வந்து, “இன்னாம்மா வேணும் உனக்கு?” என்று கேட்டார். மெஹர் கரீமின் கதையைச் சொன்னார். பிடிபட்டவர்கள் அன்று மாலை வெளியே வந்தார்கள். எல்லா முறையும் இப்படி நடக்கவில்லை. சிகிச்சைக்கு வந்தவர்களில் சிலரை நாங்கள் இழக்கவும் செய்தோம்.

வியாழக்கிழமை மாலை செல்வம் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தான். பல வருடங்களாக அவன் பவுடரைத் தொடவில்லை. ராணி தெருமுனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் தைத்துத் தந்த ரவிக்கைகள் என் அலமாரியில் இருக்கின்றன, அவை பழசாகிவிடும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது கோர்ட்டில் அவர் சொன்ன ஒரு பதிலை. அரசு வக்கீல் அவரை மடக்குவதற்காக, “செல்வம் உங்க மதமும் இல்லை, சாதிசனமும் இல்லை. அவனுக்காக ஜெயிலுக்குப் போகிற அளவுக்கு அவன் உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டார்.

மெஹர் சொன்னார்:

“உறவுல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவன் பொண்டாட்டிகிட்டதான் நான் மீன் வாங்குறேன்.”